கழற்ற முடியாத வலை

பிப்ரவரி 3

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிற பெண்ணை வக்கீலம்மா என்று கூப்பிட்டால் உன் முதலாளி கோபித்துக்கொள்வாரோ என்னவோ, எனக்கு நீ வக்கீலம்மாதான். நலமா என்று கேட்கமாட்டேன். ஆதாரம் எங்கே என்று திருப்பிக் கேட்பாய்.

"போன்ல வேண்டாம்ப்பா, எழுத்துல இருந்தாதான் நிக்கும். தேதி போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்புங்க" என்று கட்டளை போட்டுவிட்டாய். ஒன்பதாம் வகுப்பில் கட்டுரைக்கு நூற்றுக்குப் பதினெட்டு வாங்கியவன் நான். அந்தப் பதினெட்டு மார்க்குக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை உன் அம்மாவைப் புது டாக்டரிடம் கூட்டிப் போனேன். சின்ன வயசு, உன்னைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். ஆகவே நான் வைத்த பெயர் சின்ன டாக்டரம்மா. உன் அம்மா வழக்கம்போல உட்காரவில்லை. "உட்காருங்கம்மா" என்றார். "உட்கார முடிஞ்சா நான் ஏன் இங்க வரேன்?" என்றாள் உன் அம்மா. அந்த ஒரு பதிலிலேயே டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கதை கேட்க ஆரம்பித்தார்.

எட்டு வருஷத்துக்கு முன் கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது என்று பெரிய டாக்டரிடம் ஆபரேஷன் செய்தோமே, அதிலிருந்து தொடங்கினாள். சினிமாக் கொட்டகை டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இருபது வருஷம் உட்கார்ந்தே வேலை பார்த்தவள், ஆபரேஷனுக்குப் பிறகு அரைமணி உட்கார முடியாமல் அந்த வேலையை விட்டது, உள்ளே கம்பி குத்துகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னபோதெல்லாம் பெரிய டாக்டர் "மனப்பிரமை" என்று எழுதித் தூக்க மாத்திரை கொடுத்தது, எட்டு வருஷமாக அடுப்படி மேடை பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிடுவது, எல்லாம் சொன்னாள். "வீட்டுலயும் மனப்பிரமைன்னுதான் சொன்னாங்க" என்று சேர்த்துக்கொண்டாள். வீட்டில் என்றால் யார்? பூனை இல்லை. நான்தான்.

டாக்டரம்மா திரைக்குப் பின்னால் வைத்துப் பரிசோதனை செய்தார். வெளியே வந்து கேட்டார்:

"உள்ள வலை வச்சிருக்காங்களே, உங்களுக்குத் தெரியாதா?"

"என்ன வலை?"

"பிளாஸ்டிக் நூல்ல பின்னின வலை. இறங்கினதைத் தாங்கிப் பிடிக்க வைப்பாங்க. உங்களுக்கு அது சதையை அரிச்சுக்கிட்டு வெளியே வந்திருக்கு. ஓரம் என் விரல்ல தட்டுது. வலி மனசுல இல்லம்மா."

வலை என்றதும் உன் அம்மா திரும்பி என்னைத்தான் பார்த்தாள். தெருவில் வலை என்றாலே என்னைத்தான் பார்ப்பார்கள், இருபத்தாறு வருஷமாக ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கிறவனை வேறு எப்படிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

பிறகு டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். வலை வைக்காமலும் வழிகள் உண்டாம். சிலிக்கான் வளையம் ஒன்று இருக்கிறது, உள்ளே வைத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். இறக்கம் கொஞ்சமாக இருந்தால் இடுப்பு அடித்தசைக்குப் பயிற்சியே போதும். ஆபரேஷன்தான் வேண்டும் என்றால் சொந்தத் தசையையே இழுத்துத் தைக்கலாம். அது பலமில்லை என்றால் தொடையிலிருந்து நாடா அளவுக்குத் தசையுறையை எடுத்துத் தாங்கலாக வைக்கலாம். "சொந்தச் சதைங்கறதால மறுபடி தளரவும் வாய்ப்பு இருக்கு, அதையும் சொல்லிடறேன்" என்றார்.

உன் அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "இதெல்லாம் எட்டு வருஷத்துக்கு முன்னாடி இருந்துச்சா?"

"எல்லாமே இருந்துச்சும்மா."

பஸ்ஸில் பாதி சீட்டு காலி. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள். நான் மட்டும் உட்காருவது நன்றாக இருக்காது என்று நானும் நின்றேன். நம் நிறுத்தம் வருவதற்கு முன் சொன்னாள்: "எனக்குப் பதிலா எவனோ ஒருத்தன் முடிவு பண்ணியிருக்கான். அவன் யாருன்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சா போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்."

இருபது வருஷம் 'ஹவுஸ்ஃபுல்' என்று சிரிக்காமல் சொல்லிப் பழகின குரல் அது. நான் இறங்குகிற படிக்கட்டுப் பக்கம் நகர்ந்துகொண்டேன்.

இப்படிக்கு,
வலைக்கார அப்பா

*

பிப்ரவரி 12

அன்புள்ள அப்பா,

கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை ஆபீஸ் கழிப்பறைக்குள் போய்ப் படித்தேன், ஏனென்று சொல்லவேண்டியதில்லை.

அழுது முடித்துவிட்டேன். இனி வேலை.

எங்கள் வக்கீலிடம் பேசினேன். முதலில் வேண்டியது ஆஸ்பத்திரி ஃபைல். அதில் சம்மதப் படிவம் என்று ஒரு தாள் இருக்கும். வலை வைப்பதற்கு ஒப்புக்கொண்டு யாரோ கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அம்மாவிடம் போனில் கேட்டேன், "நான் எதுலயும் போடலை, ஸ்ட்ரெச்சர்ல படுத்திருந்தேன், முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், என்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கலை" என்கிறார். சுயநினைவோடு இருக்கிறவரிடம் கேட்காமல் வேறு யாரிடமோ கையெழுத்து வாங்கியிருந்தால் அது சம்மதமே இல்லை என்கிறார் வக்கீல்.

பெரிய டாக்டரா, நர்ஸா, கள்ளக் கையெழுத்தா, எதுவாக இருந்தாலும் சரி. அந்தக் கையெழுத்துப் போட்டவனை நான் விடமாட்டேன் அப்பா. அவன் வாயாலேயே சொல்லவைப்பேன். நாலு பேர் முன்னால் சொல்லவைப்பேன். அம்மா எட்டு வருஷம் நின்றார்கள், அவனும் நிற்கட்டும்.

ஃபைல் வாங்க நீங்களே போய்விடுங்கள். மனு டைப் அடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மா கையெழுத்து மட்டும் வாங்கினால் போதும்.

உங்கள் மகள்

*

மார்ச் 1

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

உன் மனு கிடைத்தது. என்ன அழகான டைப்பு. உன் அம்மா அடுப்படி மேடைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். நின்றபடி போடுவதால் அவள் எழுத்து இப்போதெல்லாம் சரிவில் இறங்குகிற சைக்கிள் மாதிரி ஓடும். பாவம், அந்தக் காலத்தில் முத்து முத்தாக எழுதுவாள்.

ஃபைல் விஷயம். முதல் தடவை போனேன், பதிவேட்டுப் பிரிவில் இருக்கிற அம்மாள் சாப்பிடப் போய்விட்டாராம். இரண்டாம் தடவை போனேன், லிஃப்ட் வேலை செய்யவில்லை, பிரிவு ஆறாம் மாடியில். என் முழங்கால் உனக்குத் தெரியும், ஏணியில் மட்டும்தான் ஏறும், படி என்றால் அதற்குக் கௌரவக் குறைச்சல். மூன்றாம் தடவை போகலாம் என்று கிளம்பும்போது மழை. பொறு, வாங்கிவிடலாம். எட்டு வருஷப் பழைய ஃபைல் எங்கே ஓடிவிடப் போகிறது.

அதைவிடப் பெரிய சேதி ஒன்று இருக்கிறது. யார் வீட்டுக்கு எனக்கு வேலை வந்திருக்கிறது தெரியுமா? பெரிய டாக்டர் வீட்டுக்கு! புது வீடு, இரண்டு மாடி, பதினாலு ஜன்னல். பதினாலுக்கும் வலை அடிக்கவேண்டும். கட்டடக்காரர் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். பெரிய டாக்டருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஆபரேஷன் மேஜையில் படுத்தவளையே மறந்தவருக்கு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் முகமா ஞாபகம் இருக்கப் போகிறது.

என் தொழில் முறை உனக்குத் தெரியும். என்னிடம் ஒரு மாதிரிப் பலகை இருக்கிறது, மூன்று வகை. ஒட்டுப்பட்டை வைத்தது, பிய்த்துத் துவைத்து மறுபடி ஒட்டலாம். சட்டத்தோடு தள்ளுகிறது. மூன்றாவது பசை போட்டு நிரந்தரமாக ஒட்டுகிறது, கிடங்குக்கும் காற்றோட்டப் பொந்துக்கும்தான் அதை அடிப்போம், கழற்றவேண்டும் என்றால் சட்டத்தையே உடைக்கவேண்டும். இருபத்தாறு வருஷத்தில் மூன்றையும் காட்டாமல் ஒரு ஜன்னலில் கை வைத்ததில்லை. பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லித் தந்ததைவிட அந்தப் பலகை சொல்லித் தந்தது அதிகம்.

பெரிய டாக்டரிடம் பலகையைக் காட்டவில்லை. பையிலேயே வைத்துக்கொண்டேன். வேலைச் சீட்டில் "மூன்றாம் வகை, நிரந்தரம், கழற்ற இயலாது" என்று எறும்பு எழுத்தில் எழுதி நீட்டினேன். போனில் பேசிக்கொண்டே கார் மூடிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரு வரி படிக்கவில்லை.

அவர் கையெழுத்துப் போட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. திங்கட்கிழமை வேலை தொடங்குகிறேன்.

இப்படிக்கு,
பழிவாங்கப் போகிற (முழங்கால் ஒத்துழைத்தால்) அப்பா

*

மார்ச் 9

அன்புள்ள அப்பா,

ஜன்னல் விஷயத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சட்டப்படி சொல்லக்கூடாது, ஆனால் படித்துவிட்டுச் சிரித்தேன். பதினாலையும் நன்றாக இறுக்கி ஒட்டுங்கள்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. எனக்குப் பன்னிரண்டு வயதில் பள்ளி மாற்றுச் சான்றிதழ் வாங்கக் கொட்டும் மழையில் ஐந்து தடவை நடந்தவர் நீங்கள். ஆறாம் மாடியில் கொசுவலை அடிக்கக் கயிறு கட்டித் தொங்கியவர். அம்மாவின் ஃபைலுக்கு மட்டும் உங்களுக்கு எப்படி அப்பா மழை பெய்கிறது?

நானே ஆஸ்பத்திரிக்குப் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். நகல் நேராக என் கைக்கு வரும்.

உங்கள் மகள்

*

மார்ச் 24

அன்புள்ள மகளே,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. என்ன சொன்னேன் பார், உட்கார்ந்து.

பதினாலு ஜன்னலும் முடித்தேன். நேற்று பெரிய டாக்டர் பார்வையிட வந்தார். நான் கை கட்டி நின்றேன். மாடி ஜன்னல் ஒன்றைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை.

"இதை எப்படிக் கழட்டறது?"

"கழட்ட முடியாதுங்க ஐயா."

"என்னய்யா சொல்றே? அப்ப எப்படிக் கழுவறது?"

"நாளாக ஆக சட்டத்தோட ஒண்ணாயிடும்ங்க. அதுதான் இதோட சிறப்பே."

"கழட்டற மாதிரி கிடையாதா?"

"இருக்குங்க. மூணு மாதிரி இருக்கு."

"அதை ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

"தூசி அடைச்சா மூச்சு முட்டுமேய்யா!"

"மனப்பிரமைங்க. ஒரு மாத்திரை போட்டுத் தூங்குங்க, சரியாப்போயிடும்."

மகளே, இந்த ஒரு வசனத்துக்காக நான் பதினைந்து நாள் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன். சொல்லி முடித்ததும் உடம்பெல்லாம் இனித்தது. அவர் முகம் மாறியது. "யாருய்யா நீ?" என்றார். சொன்னேன். இன்னாருடைய புருஷன், இன்ன வருஷம், இன்ன ஆபரேஷன், அவள் எட்டு வருஷமாக நின்றுகொண்டு சாப்பிடுகிறாள் என்று எல்லாம் சொன்னேன். "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றும் கேட்டேன்.

"அன்னைக்கு ஒன்பது கேஸ். ஒவ்வொருத்தர்கிட்டயும் உட்கார்ந்து பேச நேரம் எங்கே? ஆனா கையெழுத்து இல்லாம நான் கத்தியைத் தொட்டதில்லை. உங்க வீட்டு ஆள் யாரோ போட்டிருக்காங்க" என்றார். நான் ஏணியை மடக்க ஆரம்பித்தேன். பெரிய டாக்டர் வேலைச் சீட்டின் நகலைத் தன் பையிலிருந்து எடுத்தார். என்னையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டர் ஆயிற்றே, நாடி பிடிக்காமலே கண்டுபிடித்துவிட்டார்.

"நீதானா?" என்றார். "நான் இதைப் படிக்காம போட்ட மாதிரிதானே நீயும் போட்டே? அப்ப நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான்யா."

ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆமாம். அந்தத் தாளில் இருப்பது என் கையெழுத்து. உன் கைக்கு நகல் வருவதற்கு முன் என் கையால் இதை எழுதிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி.

உன் அம்மாவை ஸ்ட்ரெச்சரில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கவுன்டரில் ஒரு பெண் என்னைக் கூப்பிட்டுப் பன்னிரண்டு தாளை நீட்டினாள். "வீட்டுக்காரர்தானே? கோடு போட்ட இடத்துல எல்லாம் போடுங்க." நான் போட்டுக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது தாளில் ஒரு சொல் கண்ணில் பட்டது. "வலை பொருத்த முழுச் சம்மதம்." பன்னிரண்டு தாளில் எனக்குப் புரிந்த ஒரே சொல் அதுதான். எனக்கு ஒரே பெருமை. "வலையா? கட்டிலுக்குங்களா?" என்று கேட்டேன். அவள் தலை நிமிராமல் "ம்" என்றாள். "நைலானா?" என்றேன். "பாலிப்ரொப்பிலீன்" என்றாள். "நல்ல சரக்கும்மா, நைஞ்சு போகாது. நானும் இந்தத் தொழில்தான்" என்று சொல்லி, மற்ற பதினொன்றையும்விட அழகாக, பெயருக்குக் கீழே கோடெல்லாம் இழுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

கொசுவலை என்று நினைத்தேன் மகளே. வார்டில் கொசு அதிகம். உன் அம்மா கட்டிலுக்கு வலை கட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் வார்டுக்குப் போனால் கட்டிலுக்கு மேலே வலை இல்லை. நர்ஸிடம் சண்டைக்குப் போனேன். "வலைக்குக் கையெழுத்து வாங்கினீங்களே, எங்கே?" அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "உள்ளே வச்சாச்சு சார்" என்றார். அப்போது புரிந்தது. உன் அம்மா தூக்கம் கலைந்து, "என்ன சண்டை?" என்றாள். "கொசு" என்றேன்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். உலகமே சிரித்திருக்கும், நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். பிறகு அவளுக்கு வலி வந்தது. வந்தபிறகு சொல்ல வாய் வரவில்லை. பெரிய டாக்டர் மனப்பிரமை என்றார், அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வலி பொய் என்றால் என் கையெழுத்தும் பொய்தானே.

நேற்று மாலை உன் அம்மாவிடம் சொன்னேன். மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டாள்.

"கொசுவலைன்னா நெனச்சீங்க?"

"ஆமாம்."

சிரித்தாள். மேடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். தப்பித்தோம் என்று நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். நான் நிறுத்த ஒரு நிமிஷம் பிந்திவிட்டது.

"தெரியாம போட்டது ஒரு நிமிஷம்" என்றாள். "தெரிஞ்சு மறைச்சது எட்டு வருஷம். ஒரு நிமிஷத்தை விட்டுடறேன்."

அப்புறம் என்னோடு பேசவில்லை.

கையெழுத்துப் போட்டவனை விடமாட்டேன் என்று எழுதியிருந்தாய். முகவரி உனக்குத் தெரியும்.

அப்பா

*

மே 6

அன்புள்ள மகளுக்கு,

நீ அம்மாவை அழைத்துக்கொண்டு போய்ப் பத்து நாள் ஆகிறது. இங்கே தங்கியிருந்த இரண்டு வாரத்தில் நீ என்னிடம் பேசியது மூன்று வார்த்தை. "தள்ளுங்க" என்று இரண்டு தடவை, "சாவி" என்று ஒரு தடவை. ஆகவே கடிதத்தில் பேசுகிறேன். நீங்கள் போனபிறகு இது மூன்றாவது கடிதம். முந்தின இரண்டும் தபாலில் தொலைந்துவிட்டன என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

வலையை எடுக்கிற ஆபரேஷன் அன்று நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய், ஆகவே இது உனக்குத் தெரியாது. அம்மாவும் சொல்லியிருக்கமாட்டாள். சின்ன டாக்டரம்மா சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்தார். நாலு பக்கம். உன் அம்மா அதை வாங்கி என்னிடம் நீட்டினாள்.

"படிங்க."

"நானா?"

"சத்தமா. எல்லாருக்கும் கேக்கணும்."

வார்டில் ஆறு கட்டில். ஆறு கட்டில்காரிகளும், அவர்கள் வீட்டு ஆட்களும், நர்ஸும். நான் நடுவில் நின்று படித்தேன். பழைய வலையை வெட்டி எடுக்கப்போவது. சொந்தத் தசையை இழுத்துத் தைக்கப்போவது. தொடையிலிருந்து நாடா எடுத்துத் தாங்கலாக வைக்கப்போவது. வேண்டாம் என்றால் வளையம், பயிற்சி, ஒன்றும் செய்யாமல் விடுவது, எல்லா மாற்று வழியும் வரிசையாக இருந்தது. ஒவ்வொரு வரி முடிவிலும் உன் அம்மா, "புரிஞ்சுதா?" என்றாள். புரிந்தது என்றால்தான் அடுத்த வரி. 'தசையுறை' என்ற சொல்லில் நாக்கு சிக்கியது. "திரும்பப் படிங்க" என்றாள். நாலாவது கட்டில்காரி சிரித்தேவிட்டாள்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி. "பழைய வலை சதையோடு வளர்ந்துவிட்டதால் முழுவதையும் எடுக்க முடியாமல் போகலாம், அகற்றிய பிறகும் சில துண்டுகள் உள்ளேயே தங்கிவிடலாம்." "புரிஞ்சுதா?" என்றாள். தலையை ஆட்டினேன். "வாயால சொல்லுங்க." சொன்னேன்.

முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு பேனாவை வாங்கித் தானே கையெழுத்துப் போட்டாள். "இப்ப நீங்க வெளியே இருங்க" என்றாள். பெஞ்சு பழைய பெஞ்சு மாதிரியேதான் இருந்தது.

கொஞ்ச நாள் நானும் மேடை பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டுப் பார்த்தேன். நாலாம் நாள் கால் கடுத்து உட்கார்ந்துவிட்டேன். உட்காரலாம் என்ற மாற்று வழி எனக்கு இருந்தது.

அம்மா இப்போது உட்காருகிறாளா? அதை மட்டும் எழுது. ஒரு வரி போதும்.

அப்பா

*

ஜூலை 18

அப்பா அவர்களுக்கு,

ஆஸ்பத்திரி மேலும் பெரிய டாக்டர் மேலும் புகார் கொடுத்தாகிவிட்டது. விசாரணைத் தேதி வந்ததும் தெரிவிக்கப்படும்.

இத்துடன் ஒரு படிவம் உள்ளது. அம்மா சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தது. படித்துவிட்டுப் போடுங்கள்.

அகற்றச் சம்மதம்

1. பொருத்தப்பட்டிருந்தது: கணவர், ஒன்று. பொருத்தி முப்பத்தொரு வருடம்.

2. அகற்றுவதற்குக் காரணம்: படிக்காமல் போட்ட கையெழுத்து அல்ல. தெரிந்த பிறகும் எட்டு வருடம் சொல்லாதது. வலி என்றபோது மனப்பிரமை என்றது.

3. மாற்று வழிகள்: மறுநாளே சொல்லியிருக்கலாம். வேலை போன அன்று சொல்லியிருக்கலாம். நான் நின்றுகொண்டு சாப்பிடுவதைப் பார்த்த ஏதாவது ஒரு வேளையில் சொல்லியிருக்கலாம். எல்லாமே இருந்தது.

4. மார்ச் 24 கடிதம் விசாரணையில் ஆதாரமாக வைக்கப்படும். எழுதியவரே எழுந்து நின்று முழுதும் வாசிக்கவேண்டும். வேடிக்கையான இடங்கள் எதுவும் வெட்டப்படமாட்டாது.

5. இனி நான் மகள் வீட்டிலேயே இருப்பேன். பார்க்க வருவது, போன் செய்வது, யாரையாவது தூது அனுப்புவது கூடாது.

6. அகற்றிய பிறகும் சில துண்டுகள் உள்ளேயே தங்கிவிடலாம்.

கையெழுத்து: ................

*

ஜூலை 26

அன்புள்ள மகளுக்கு,

படிவம் வந்தது. உடனே போடவில்லை. வந்த அன்று ஒரு தடவை, மறுநாள் இரண்டு தடவை படித்தேன். முதல் வரியில் சிரிப்பு வந்தது, 'கணவர், ஒன்று' என்ற இடத்தில். உன் அம்மாவுக்கு இந்த எழுத்து இருப்பது தெரிந்திருந்தால் என் கட்டுரையை அவளிடம் கொடுத்து எழுதவைத்திருப்பேன், பதினெட்டோடு நின்றிருக்காது.

மூன்றாவது வரியை ஒப்புக்கொள்கிறேன். எல்லாமே இருந்தது. நாலாவதையும் ஒப்புக்கொள்கிறேன். நின்று வாசிக்கிறேன். கொசுவலை என்ற இடம் வரும்போது எல்லாரும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், நிறுத்தாமல் படிக்கிறேன். பெரிய டாக்டரும் அங்கே இருப்பார் அல்லவா? பக்கத்தில் இருக்கட்டும். நாங்கள் இருவரும் ஒன்றுதான் என்று அவரே சொன்னது, அதையும் வாசிக்கிறேன். அவர் வீட்டு ஆள் இரண்டு தடவை வந்துவிட்டான், வலையைக் கழற்றித் தரச் சொல்லி. சட்டத்தை உடைத்தால்தான் வரும், அதற்கு நான் வரமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அந்த விஷயத்தில் மட்டும் எனக்கு மனசு இளகவில்லை. இளகவும் வேண்டாம்.

ஐந்தாவதைத்தான் பலமுறை படித்தேன். யாரிடமும் அர்த்தம் கேட்கத் தேவையில்லாத தமிழ்.

ஆறாவது வரி டைப் அடித்ததில்லை. பேனாவால் எழுதியது. உன் கையெழுத்தும் இல்லை. பழையபடி முத்து முத்தாக, கோடு போடாத தாளில் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கிறது. சரிவில் இறங்கவில்லை.

உட்கார்ந்து எழுதியிருக்கிறாள்.

நான் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. இனி எழுதிக் கேட்கமாட்டேன். படிவத்தைக் கையெழுத்துப் போட்டு இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கீழே கோடு எதுவும் இழுக்கவில்லை.

முழுதும் படித்துவிட்டுப் போட்டது,
அப்பா